மூன்று வாரக் காவல்

நாயின் உடலில் ஒட்டிக்கொண்டு அதன் குருதியை உண்டு வாழும் சிற்றுயிரை உண்ணி என்கிறோம். உண்பதனால் அதற்கு அப்பெயர். திருமுல்கேரியில் மழைக்காலம் தொடங்கியதும், எங்கள் நாய் மணியின் காதுகளையும் கால்விரல் இடுக்குகளையும் நாள்தோறும் தடவிப் பார்ப்பது என் கடமை.

சென்ற ஆடி மாதத்தில் அதன் இடக்காதின் பின்னே மிளகளவு உண்ணி ஒன்று அகப்பட்டது. மண்ணெண்ணெய் தடவினால் தானே விழுந்துவிடும் என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா. அம்மா இசையவில்லை. "மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும் ஐயா" என்று பணிவுடன் கூறினார். பின்னர்க் கூர்முனை இடுக்கியால் உண்ணியைத் தோலை ஒட்டிப் பற்றி, திருகாமல் நேராக இழுத்தார். அதனை விரலால் நசுக்காமல் ஸ்பிரிட் இருந்த குப்பியில் இட்டார்.

உண்ணியை எடுக்க ஒரு நிமிடம் போதும். அது கடித்த இடத்தைக் காக்கவோ பல நாள் வேண்டும். கடிவாயைச் சோப்பு நீரால் கழுவித் துடைத்தோம். நீர் கலந்த போவிடோன் அயோடினைப் பஞ்சில் நனைத்து ஒற்றினோம். எங்கள் கைகளையும் நன்கு கழுவினோம்.

மறுநாள் அவ்விடம் பயறளவு தடித்திருந்தது. உண்ணியின் வாய் உள்ளே தங்கிவிட்டதோ என்று அஞ்சி, கால்நடை மருத்துவரிடம் மணியை அழைத்துச் சென்றோம். "உண்ணியின் உமிழ்நீரால் தோல் தடிப்பது இயல்பு. துணுக்கு ஏதேனும் தங்கியிருந்தாலும் தோண்டாதீர்கள். தோலே அதனை மெல்ல வெளியேற்றிவிடும். சிவப்புப் பரவினாலோ சீழ் வைத்தாலோ உடனே வாருங்கள்" என்றார் அவர். மேலும், மூன்று வாரங்கள் வரை மணியின் உணவையும் ஈறுகளின் நிறத்தையும் கவனிக்கச் சொன்னார்.

அதற்குக் காரணம் உண்டு. 1910ஆம் ஆண்டில் சென்னையின் வேட்டை நாய்களுடைய குருதியில் பேட்டன் என்னும் ஆய்வாளர் ஒரு நுண்ணுயிரைக் கண்டறிந்தார். பபீசியா கிப்சோனி எனப்படும் அது உண்ணி வழியே பரவுவது. சிவப்பணுக்களை அழித்துக் காய்ச்சலையும் சோர்வையும் உண்டாக்குவது. குருதி குறைந்தால் ஈறுகள் வெளுக்கும். கடிக்கும் சிற்றுயிர் நோயைச் சுமக்கும் என்னும் உண்மையில் எங்கள் ஊர்ப்பக்கத்திற்கும் பங்குண்டு. 1897இல் கொசுவின் வயிற்றில் மலேரியா நுண்ணுயிரை ரொனால்ட் ராஸ் கண்டது செகந்திராபாத்தில்தான்.

நாள்தோறும் காலையில் மணியின் உதட்டை மெல்ல உயர்த்தி ஈறுகளைப் பார்த்தேன். காதைச் சொறிய முயன்றபோதெல்லாம் தடுத்தேன். சுவர் வெடிப்புகளில் உண்ணிகள் முட்டையிடும் என்பதால் அவற்றை அப்பா சிமெண்டால் அடைத்தார். பத்தாம் நாள் தடிப்பு அடங்கியது. மூன்றாம் வார முடிவிலும் ஈறுகள் இளஞ்சிவப்பாகவே இருந்தன. வாயில்லா உயிர் தன் நோவைச் சொல்லாது; வளர்ப்பவரே பார்த்து அறிதல் வேண்டும்.