கூட்டைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது

முப்பத்து நான்கு வருடங்களுக்குப் பிறகு நான் காங்கேசன்துறைக்குத் திரும்பியது 2024 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில். நாகபட்டினத்திலிருந்து காலையில் புறப்பட்ட கப்பல் ஏறக்குறைய நான்கு மணித்தியாலத்தில் துறைமுகத்தை அடைந்தது. இந்தக் கப்பல் சேவை 2023 ஒக்டோபர் 14 இல் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஆரம்பமாகியிருந்தது. 1996 இல் பேசாலையிலிருந்து இரவோடு இரவாகப் படகேறி இராமேஸ்வரம் போனவள் நான். அன்று கையில் ஒரு துணிப்பை மட்டும்தான். இன்று கடவுச்சீட்டோடு பகல் வெளிச்சத்தில் வந்து இறங்கினேன்.

என்னுடைய மகள் பக்கத்தில் நின்றாள். முகாமில் பிறந்தவள். பதினான்கு வயது. வெளிச்சவீட்டையும், 1950 இல் தொடங்கி 1990 இல் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலையையும் கைநீட்டிக் காட்டினேன். பார்த்தாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாட்களாகவே அவள் அதிகம் கதைக்கவில்லை. நாங்கள் முகாமில் விட்டுவந்த இரண்டு குருவிகள்தான் அதற்குக் காரணம்.

அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் 1990 ஐச் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் சண்டை தொடங்கியது. ஷெல்லடியில் ஊர் முழுவதும் வெளிக்கிட்டது. எங்கள் வீட்டில் ஒரு பச்சைக்கிளி இருந்தது. பனைப்பொந்திலிருந்து குஞ்சாக எடுத்து வளர்த்தது. ஐயா சைக்கிளில் அரிசி மூட்டையைக் கட்டினார். அம்மா தம்பியைத் தூக்கினா. கிளியைக் கொண்டுபோக வழியில்லை. ஐயா கூட்டுக் கதவைத் திறந்துவிட்டு, "அது பறந்து போய்ப் பிழைச்சுக்கொள்ளும் பிள்ளை, வா" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். கிளி கூட்டின் வாசலில் வந்து நின்றது. பறக்கவில்லை. பறக்க முடியாது. பறந்துவிடும் என்று பயந்து அதன் சிறகை நாங்களே வெட்டியிருந்தோம்.

இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கும் இப்படி ஒரு நினைவு இருக்கும். கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள், வளர்த்த நாயை வாசலில் விட்டுவந்தவர்கள் எத்தனையோ பேர். மனிதர்களையே இழந்தவர்கள் மத்தியில் கிளிக்காக அழுவது வெட்கமாக இருந்தது. அதனால் நான் இதை யாரிடமும் சொன்னதில்லை.

முகாமில் மகளுக்குப் பத்து வயதானபோது ஒரு சோடிக் குருவி வாங்கிக் கொடுத்தேன். ஒன்று பச்சை, மற்றது நீலம். கடைக்காரர் 'லவ்பேர்ட்ஸ்' என்றுதான் சொன்னார். தினை போட்டால் போதும். தகரக்கூரையின் கீழ் அவற்றின் சத்தம் எங்களுக்கு ஒரு துணை.

ஊருக்குத் திரும்புவதென்று முடிவானதும் மகள் கேட்ட முதற் கேள்வி, "குருவியளும் வருந்தானே அம்மா?" என்பதுதான். வரும் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஒரு சிறிய கூடுதானே, மடியில் வைத்துக்கொண்டு வரலாம் என்று நினைத்தேன்.

எங்கள் இருவருக்கும் பத்திரங்கள் எடுக்கவே ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. மகளுடைய பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும், பிறகு குடியுரிமை, பிறகு கடவுச்சீட்டு. அதெல்லாம் முடிந்து, பயணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போதுதான் குருவிகளைப் பற்றி விசாரிக்கப் போனேன். அதுதான் நான் விட்ட பிழை.

பக்கத்து ஊர் மிருக வைத்தியர் ஒரு பெண். பொறுமையாக விளக்கினார். நான் ஒரு தாளில் 'லவ்பேர்ட்ஸ் 2' என்று எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை வெட்டிவிட்டு, "இது லவ்பேர்ட் இல்லைம்மா. இது பட்ஜரிகர், ஆஸ்திரேலியாப் பறவை. உண்மையான லவ்பேர்ட் ஆப்பிரிக்காவுல இருந்து வந்தது. பேரைத் தப்பா எழுதினா சட்டமே மாறிடும்" என்றார்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்த 'சைட்டிஸ்' என்றொரு சர்வதேச உடன்படிக்கை உண்டு. 1973 இல் கைச்சாத்தாகி 1975 இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976 இலும் இலங்கை 1979 இலும் அதில் சேர்ந்தன. உலகிலுள்ள கிளி இனங்கள் அநேகமாக எல்லாமே அதன் பட்டியல்களில் உள்ளன. பட்ஜரிகர், கொக்கட்டீல், ரோசாமுக லவ்பேர்ட், எங்கள் பச்சைக்கிளி ஆகிய நான்கு மட்டுமே பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. பட்டியலில் இல்லை என்பதற்காகப் பச்சைக்கிளியைக் கொண்டுவரலாம் என்று எண்ணக்கூடாது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம்.

எங்கள் குருவிகளுக்குச் சைட்டிஸ் அனுமதி தேவையில்லை. ஆயினும் நோய் பற்றிய பத்திரங்கள் தேவை. முதலில் இலங்கையிலிருந்து இறக்குமதி அனுமதி வர வேண்டும். 1992 ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் அதைத் தருவது கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம். அதன் தலைமையகம் பேராதனை கெட்டம்பேயில் இருக்கிறது. பறவை என்பதால் பத்தரமுல்லையிலுள்ள வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் கேட்க வேண்டும். இலங்கை அனுமதியில் என்ன நிபந்தனை போடுகிறார்களோ, அதன்படிதான் இந்தியாவில் பரிசோதனை செய்து சுகாதாரச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அந்தச் சான்றிதழை ஊர் வைத்தியர் தர முடியாது. மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையந்தான் தர வேண்டும். தமிழ்நாட்டில் அந்த நிலையம் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ளது. கப்பல் புறப்படும் நாகபட்டினத்தில் இல்லை.

"இரண்டு சின்னக் குருவிக்கு இவ்வளவா?" என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்தது. வாழ்நாள் முழுவதும் அடையாள அட்டை, பாஸ், பதிவு என்று வரிசையில் நின்றவர்கள் நாங்கள். குருவிக்குமா வரிசை?

வைத்தியர் கோபிக்கவில்லை. பறவைக் காய்ச்சலைப் பற்றிச் சொன்னார். 1997 இல் ஹொங்கொங்கில் அந்தக் கிருமி முதன்முறையாக மனிதருக்குத் தொற்றியது. 2006 இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் வந்தபோது இலட்சக்கணக்கான கோழிகளைக் கொல்ல வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் காட்டுப் பறவைகளின் இறக்குமதியை நிறுத்தி, 2007 இல் அந்தத் தடையை நிரந்தரமாக்கியது. "உங்க ஊர்ல பொம்பளைங்க கோழி வளர்த்துத்தானே பிழைக்கிறாங்க? உங்க குருவி நோயைக் கொண்டுபோனா யாருக்கு நட்டம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. பத்துக் கோழியை நம்பிக் குடும்பம் நடத்தும் எத்தனையோ பெண்களை நானே அறிவேன்.

ஒளித்துக் கொண்டுபோகச் சொன்னவர்களும் இருந்தார்கள். வாயைக் கட்டி, துணியில் சுற்றிப் பையின் அடியில் வைக்கலாமாம். அப்படிக் கொண்டுபோகும் பறவை மூச்சடைத்துச் செத்துப்போகலாம். சுங்கத்தில் பிடிபட்டால் பறவையும் போகும், எங்கள் பயணமும் பழுதாகும். நான் சம்மதிக்கவில்லை.

மகள் இரண்டு இரவு அழுதாள். மூன்றாம் நாள் கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "திறந்து விடுவம் அம்மா, பறந்து போகட்டும்" என்றாள். என் நெஞ்சு ஒருகணம் நின்றுவிட்டது. அப்போதுதான் முதன்முறையாக அந்தக் கிளியின் கதையை அவளுக்குச் சொன்னேன். கூட்டில் பிறந்த குருவிக்கு இரைதேடத் தெரியாது. காகமும் பூனையும் ஒரு நாள்கூட விட்டுவைக்காது. கதவைத் திறந்துவிடுவது எங்கள் மனதுக்குத்தான் ஆறுதல், பறவைக்கு அல்ல.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் மன்னாரைச் சேர்ந்த ஒரு அக்கா இருக்கிறா. தனியாள். அவவிடம் கேட்டோம். "தாங்கோ பிள்ளை, எனக்கும் ஒரு சத்தம் வேணும்" என்றா. மகள் இரண்டு கிழமை தினமும் அங்கே போய், தினை எவ்வளவு, தண்ணீர் எப்போது மாற்றுவது, இரவில் எந்தத் துணியால் மூடுவது என்றெல்லாம் பழக்கிக் கொடுத்தாள். ஒரு கொப்பித்தாளில் எழுதியும் கூட்டில் கட்டினாள். 1990 இல் எங்களுக்குக் கிடைக்காத அவகாசம் இது.

ஊருக்கு வந்து இப்போது பல மாதங்கள். காங்கேசன்துறை நான் விட்டுப்போன ஊர் இல்லை. வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கல்லும் பற்றையும். ஆனால் 2015 தையிலிருந்து புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறை வரை வருகிறது. கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுகிறது. மாவிட்டபுரத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கோயிலுக்கான காங்கேயன் விக்கிரகம் இந்தியாவிலிருந்து கடல்வழியாக இந்தத் துறையில் வந்து இறங்கியதாலேயே இவ்வூர் காங்கேசன்துறை ஆனது என்பது ஐதீகம். "சாமியும் கப்பலிலதான் வந்தவரோ?" என்று மகள் கேட்டாள். வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிரான்சிலிருக்கும் என்னுடைய மச்சாள் தன் சாம்பல்நிற ஆப்பிரிக்கக் கிளியோடு விடுமுறைக்கு வரலாமா என்று கேட்டா. இப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியும். அந்த இனம் 2017 இலிருந்து சைட்டிஸின் முதற் பட்டியலில் உள்ளது. போகும் நாட்டின் அனுமதியும் வேண்டும், புறப்படும் நாட்டின் அனுமதியும் வேண்டும். திரும்பிப் போவதற்கும் அப்படியே. விடுமுறைக்காக அதை அலைக்கழிக்க வேண்டாம் என்றேன்.

திரும்பி வர எண்ணியிருக்கும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன். வளர்ப்புப் பறவை இருந்தால், உங்கள் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே அதற்கும் விசாரியுங்கள். முதலில் இனத்தின் சரியான பெயர். அடுத்து, போகும் நாட்டின் அனுமதி. அதன்பின் பரிசோதனையும் சான்றிதழும். கடைசியாகத்தான் பயணச்சீட்டு. பறவையை ஏற்றுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். நோய் பரவும் காலங்களில் நிபந்தனைகள் மாறும். அதனால் பழைய கதையைக் கேட்டுப் புறப்பட வேண்டாம். முடியாது என்று தெரிந்தால், நல்ல கையொன்றைத் தேட அப்போதும் உங்களுக்கு நேரம் இருக்கும்.

போன கிழமை பக்கத்துக் காணிப் பொடியன் ஒருவன், பட்ட பனையின் பொந்திலிருந்து கிளிக்குஞ்சு எடுத்துத் தரட்டுமா என்று மகளிடம் கேட்டான். அவள் அண்ணாந்து பார்த்தாள். தாய்க்கிளி பொந்துக்குள் தலையை விட்டு இரை கொடுத்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம் அண்ணா. அது அங்கயே இருக்கட்டும்" என்றாள்.

பின்னேரம் மன்னார் அக்கா தொலைபேசியில் எடுத்தா. கதைக்கு நடுவே குருவிகளின் சத்தம் கேட்டது. மகள் தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கி, நெடுநேரம் காதில் வைத்துக்கொண்டிருந்தாள்.