எழுதி வெச்சிருப்பாருல்ல?

கடைசியாக எந்தப் புத்தகத்துக்காகக் காத்திருந்தீர்கள்? காத்திருப்பது என்றால் சும்மா இல்லை. கடைக்காரரிடம் 'வந்துருச்சாண்ணே, வந்துருச்சாண்ணே' என்று நாலு நாள் நச்சரித்து, வந்த அன்றே வாங்கி, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே முதல் பத்துப் பக்கம் படிப்பது. யோசித்துச் சொல்லுங்கள்.

கரிசல் இலக்கியம் என்று மேடையில் நாங்கள் ரொம்பப் பெருமையாகப் பேசுவோம். பேச வேண்டியதுதான். ஆனால் விருதுநகர், சாத்தூர், சிவகாசி பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கயிற்றில் க்ளிப் போட்டுத் தொங்கி, எங்கள் மக்களை இப்படிக் காத்திருக்க வைத்தவர்கள் வேறு ஆட்கள். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், பேய்க்கதை மன்னன் என்று பெயர் வாங்கிய பி.டி.சாமி... அப்புறம், மதுரையில் உட்கார்ந்துகொண்டு தமிழ்நாட்டையே பயமுறுத்திய இந்திரா சௌந்தர்ராஜன்.

சேலத்தில் பிறந்து மதுரைக்காரர் ஆனவர் அவர். டி.வி.எஸ்.ஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். வாரப் பத்திரிகைத் தொடர், மாத நாவல், தீபாவளி மலர் என்று ஓயாமல் எழுதினார். 'விட்டுவிடு கருப்பா' என்று எழுதிய கதைதான், நாகா இயக்கத்தில், 1997-98 வாக்கில் சன் டி.வி.யில் 'மர்ம தேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' ஆனது. அது வந்த நேரத்தில் எங்கள் தெருவில் நாய்கூட நடமாடாது. எங்கள் பக்கம் கருப்பசாமி என்று பெயர் வைக்காத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என் வகுப்பிலேயே மூன்று பேர். அதில் ஒருவன், சீரியல் முடிந்து இருட்டில் வீட்டுக்குப் போகப் பயந்துகொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே படுத்துவிட்டான். 'ஏலே, உம் பேரச் சொல்லித்தானடா ஊரே பயப்படுது, நீ யாருக்குடா பயப்படுறே?' என்று என் அப்பா கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது டி.வி. பற்றி அல்ல.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அட்டை வாங்கி வந்து வீட்டில் பெட்டி ஒட்டுவார். கூலி குரோஸ் கணக்கு, அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று. அவருக்குப் படிக்கத் தெரியாது. கதை என்றால் உயிர். அதனால் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார். நான் சத்தமாக வாசிக்க, அவரும் தெருப் பெண்கள் நாலைந்து பேரும் ஒட்டிக்கொண்டே கேட்பார்கள். கியூபாவில் சுருட்டுத் தொழிற்சாலைகளில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருப்பார் என்று பிற்பாடு படித்தேன். அவர் மேடையில் உட்கார்ந்து நாவல் வாசிக்க, தொழிலாளர்கள் கேட்டபடி சுருட்டுவார்களாம். அலெக்ஸாண்டர் டூமாவின் நாவல் அங்கே அவ்வளவு பிரபலமாகி, 'மான்டேகிறிஸ்டோ' என்று ஒரு சுருட்டுக்கே பெயர் வந்துவிட்டது. எனக்குக் கிடைத்த சம்பளம் ஒரு கை பொரிகடலை. பின்னால் பி.காம். படித்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ஒரு அத்தியாயத்துக்கு அந்தத் திண்ணையில் சுமாராக ஒரு குரோஸ் பெட்டி!

யாரோ பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்ட் பண்ணி வைத்திருந்த 'கோட்டைப்புரத்து வீடு' ஒரு தடவை கைக்குக் கிடைத்தது. பின்பக்கத்தில் ஜோக்கும் சமையல் குறிப்பும் பாதி பாதியாக இருக்குமே, அந்த மாதிரி பைண்டிங். முழுக் கதையும் கையில் இருக்கிறது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். பெரியம்மா விடவில்லை. ஒரு நாளைக்கு ஒன்றுதான். 'தொடரும்' என்று நான் வாசித்ததும், 'போதும்ய்யா, மூடி வையி. நாளைக்கு என்ன ஆகுதுன்னு பாப்போம்' என்பார்.

'அதான் கையிலயே இருக்கே பெரிம்மா, பக்கத்தைத் திருப்பினா தெரிஞ்சிரும்!'

'முடிஞ்சி போச்சின்னா அப்புறம் நாளைக்கி என்ன இருக்கு?'

கதை தெரியாதவர்களுக்காக: அது ஒரு ஜமீன் குடும்பம். சாபம். ஆண் வாரிசு எவனும் முப்பது வயதைத் தாண்டுவதில்லை. இந்த இடத்தை நான் ரொம்ப ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே பெரியம்மா சொன்னார்:

'இதுக்கு எதுக்குய்யா சாபம்? மருந்து ரூம்ல வேலை பார்த்தாப் போதாதா?'

யாரும் சிரிக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் ஒரு பட்டாசு ஆபீஸில் மருந்து கலக்கும் வேலைக்குப் போய், திரும்பி வராதவர். மகனும் பட்டாசுக்குத்தான் போய்க்கொண்டிருந்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து கிராமங்களில் சாயங்காலம் என்பது கம்பெனி பஸ் வரும் நேரம். காலையில் ஏற்றிக்கொண்டு போன பஸ், வேன் எல்லாம் திரும்பி வர வேண்டும். கால் மணி நேரம் லேட்டானால் பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வருவார்கள். அரை மணி என்றால் ரோட்டுக்கே போய்விடுவார்கள். பகலில் 'டும்' என்று தூரத்தில் சத்தம் கேட்டால், எந்தத் திசையில் புகை என்று பார்த்து, அந்தப் பக்கம் யார் யார் வீட்டு ஆள் வேலைக்குப் போகிறது என்று மனசுக்குள் கணக்கு ஓடும். செல்போன் வராத காலம் அது. பெரியம்மா மகனுடைய பஸ் ஹாரன் கேட்ட பிறகுதான் என்னை 'ம், வாசி' என்பார். அதற்கு முன்னால் ஒரு வரி வாசிக்கக் கூடாது.

இவ்வளவு நிஜ பயம் இருக்கும் ஊரில் எதற்குக் காசு கொடுத்துப் பொய் பயம்? நானே கேட்டிருக்கிறேன்.

'பேயின்னா மந்திரிச்சி விரட்டலாம். சாமி குத்தம்னா கெடா வெட்டலாம். மருந்துக்கு யாரைக் கூப்பிடுறது?'

அவர் சொன்னது அன்றைக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதி புரிய, பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்து, வெடி விபத்துச் செய்திகளை எழுத வேண்டியிருந்தது. நீங்களும் அந்தச் செய்திகளைப் படித்திருப்பீர்கள். எல்லாவற்றிலும் ஒரு வாக்கியம் மாறாமல் வரும்: 'மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக...' நானே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று கணக்கில்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. நாற்பது பேர் அளவுக்கு இறந்தார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் சத்தம் கேட்டு உதவி செய்ய ஓடியவர்கள், என்ன ஏது என்று பார்க்கப் போனவர்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். இருபதுக்கும் மேல். இரண்டுக்கும் நடுவில், பின்னால் என்று எத்தனையோ. உரிமம் ஒருவர் பெயரில், நடத்துவது இன்னொருவர். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேர். மீந்த மருந்தை அன்றைக்கே அழிக்காமல் அடுத்த நாளைக்கு எடுத்து வைப்பது. காரணங்கள் ஊருக்கே தெரியும். ஆனாலும் பேப்பரில் கொலை செய்தது யார் என்று பார்த்தால், உராய்வு!

இந்திரா சௌந்தர்ராஜன் கதையில் அப்படி நடக்காது. ஒருவன் செத்தால் கடைசி அத்தியாயத்தில் அதற்குப் பதில் இருக்கும். கருப்பா, மனுஷனா? சாமியா, சதியா? இரண்டு கதவையும் கடைசிவரைக்கும் திறந்தே வைத்திருப்பார். முடிவில் ஒரு கதவை மூடுவார், இன்னொன்றை லேசாகத் திறந்தே விட்டுவிடுவார். ஆனால் 'ஏன் செத்தான், யாரால் செத்தான்' என்பதைச் சொல்லாமல் போனதில்லை. அந்தத் திண்ணைப் பெண்கள் வாரக்கணக்கில் பயத்துக்காகக் காத்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்கள். தப்பு செய்தவனைத் தேடிக் குதிரையில் ஒரு கருப்பு வரும் என்பது அவர்களுக்குத் திகில் இல்லை, ஆறுதல்.

மூடநம்பிக்கையை வளர்க்கிறார் என்று அவர்மேல் ஒரு புகார் உண்டு. முழுதாகத் தள்ள முடியாது. சித்தர், நவபாஷாணம், ஜாதகம், தேவபிரசன்னம் என்று அடுக்கும்போது அவர் கொஞ்சம் அதிகமாகவே நம்பினார். எழுத்திலும் குறை உண்டு. கொலைகாரன் கதவுக்குப் பின்னால் நிற்கும்போது எட்டுப் பக்கத்துக்கு ஸ்தல புராணம் சொல்வார்! வாரம் மூன்று, நாலு தொடர் எழுதுகிறவரிடம் செதுக்கல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் 'தொடரும்' எங்கே போடுவது என்பது அவருக்கு அத்துப்படி. அதை லேசான வேலை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஸ்டீஃபன் கிங்குக்கே அந்த ஆசை வந்து, 1996-ல் 'தி க்ரீன் மைல்' நாவலை மாதம் ஒன்றாக ஆறு சின்னப் புத்தகங்களாக வெளியிட்டார். ஜனங்கள் மாதா மாதம் கடை வாசலில் நின்றார்கள். நம் ஆட்கள் அதை வாராவாரம் செய்துகொண்டிருந்தார்கள். அட்வான்ஸும் கிடையாது, ஆர்ப்பாட்டமும் கிடையாது.

இன்னொன்று. பட்டாசுக்குக் குழாய் சுற்றுவது பழைய பேப்பரில்தான். படித்து எடைக்குப் போட்ட பத்திரிகையெல்லாம் எங்கள் ஊருக்கு வந்து வெடியாகும். தீபாவளி அன்று காலையில் தெருக் குப்பையைக் கிளறினால் கருகிய துண்டுகளில் வரிகள் தெரியும். ஒரு தடவை ஏதோ ஒரு தொடர்கதையின் துண்டு, 'கதவு திறந்தது. அங்கே' என்பதோடு கருகிப் போயிருந்தது. அங்கே என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுதியவர் யார் என்றும் தெரியாது.

பெரியம்மா மகன் பட்டாசை விட்டு ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸுக்கு மாறினான். காலண்டர் அடிக்கிற வேலை. கூலி குறைவு. பெரியம்மாதான் பிடிவாதமாக மாற்றினார். அதற்கப்புறம் என்னை வாசிக்கக் கூப்பிடுவதும் குறைந்துவிட்டது. டி.வி. வாங்கிவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2024 நவம்பர் 10-ம் தேதி, மதுரையில் தன் வீட்டில், இந்திரா சௌந்தர்ராஜன் காலமானார். 65 வயது. தீபாவளி முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. சிவகாசியில் அப்போது ஆலைகள் பூட்டிக் கிடக்கும். தீபாவளிக்குப் பிறகு கொஞ்ச நாள் லீவு விட்டு, பூஜை போட்டுத்தான் திறப்பார்கள். வருஷத்தில் எங்கள் பெண்கள் வாசலைப் பார்க்காமல் தூங்குகிற நாட்கள் அவை மட்டும்தான்.

அடுத்த வருஷம் ஆரம்பத்தில், சிவகாசியில் ஒரு புத்தகக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு அம்மா உள்ளே வந்தார். அறுபது வயது இருக்கும். கையில் மஞ்சள் பை. விரல் நுனியெல்லாம் வெள்ளி பூசின மாதிரி மினுங்கியது. பார்த்தவுடன் தெரிந்துவிடும், அலுமினியப் பொடி. எத்தனை சோப்புப் போட்டாலும் லேசில் போகாது.

'இந்திரா சௌந்தர்ராஜன் புதுசு ஏதும் வந்திருக்காப்பா?'

கடைப் பையன் சின்னவன். தயங்கிக்கொண்டே, 'அவரு தவறிட்டாரும்மா. நவம்பர்லயே...' என்றான்.

'தெரியும்ப்பா. பேப்பர்ல பார்த்தேன். எழுதி வெச்சிருப்பாருல்ல? எழுதுறவுக ஒண்ணு ரெண்டு முன்னாடியே எழுதித்தானே வெப்பாக?'

பையன் என்னைப் பார்த்தான். நான் அலமாரியைப் பார்த்தேன். அந்த அம்மா பழைய நாவல் ஒன்றை எடுத்தார். படித்ததுதானாம், முடிவு மறந்துவிட்டதாம். காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வாசல்வரை போனவர், திரும்பி வந்தார்.

'புதுசு வந்தா ஒண்ணு எடுத்து வையிப்பா. சனிக்கிழமை சம்பளம், வந்து வாங்கிக்கிடுறேன்.'

பையன் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு ஆர்டர் நோட்டை எடுத்துப் பிரித்து, 'பேரு சொல்லுங்கம்மா' என்றான்.