டவ் நதிப் பள்ளத்தாக்கிலே

இங்கிலாந்து என்றதும் இலண்டன் மாநகரும், அரண்மனைக் காவலரும், தேம்ஸ் நதிப் பாலங்களுமே எம்மவர் நினைவுக்கு வருவன. ஆனால், ஆங்கிலேயர் தம் நாட்டில் எதனைப் பெரிதும் நேசிக்கிறார்கள் என்பதை அறிய விரும்புவோர் தலைநகரை விட்டு அகன்று, ஞாயிற்றுக்கிழமையொன்றில் நாட்டுப்புறத்துப் பள்ளத்தாக்கு ஒன்றுக்குச் செல்லல் வேண்டும். அங்கே பாட்டனும் பேரனும், தாயும் மகளுமாக, முதுகிலே உணவுப் பையும் காலிலே சேறு படிந்த சப்பாத்துமாகக் குடும்பங்கள் நடந்துகொண்டிருக்கும். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோருக்குச் சொல்வதற்கு ஓர் ஊர் இராது. நடப்பதே அவர்களுடைய நோக்கம்.

பிள்ளைகளுடன் செல்வோருக்கு மிகவும் உகந்த பள்ளத்தாக்கு டவ்டேல் என்பதே எமது எண்ணம். இது தேசத்தின் நடுப்பாகத்தில், ஆஷ்போர்ண் என்னும் சிறு பட்டினத்துக்கு வடமேற்கே சில மைல் தூரத்தில் உள்ளது. டவ் நதி இங்கே டார்பிஷயருக்கும் ஸ்டாஃபர்ட்ஷயருக்கும் எல்லையாக ஓடுகின்றது. வாகனத் தரிப்பிடத்திலிருந்து ஸ்டாஃபர்ட்ஷயர்க் கரையோரமாகப் புறப்பட்டால், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்வோரும் அரை மைல் வரை சிரமமின்றிப் போகலாம். அவ்வழி முடியுமிடத்தில், நதியைக் குறுக்கறுத்து வரிசையாகக் கற்கள் இடப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றாகக் கால் வைத்துத் தாண்டினால் அடுத்த மாவட்டம் வந்துவிடும். விக்டோரியா மகாராணியின் காலத்திலேயே உல்லாசப் பிரயாணிகளைக் கவர்ந்த கற்கள் இவை. மிதிபட்டு மிதிபட்டு வழுக்கத் தொடங்கியமையால், 2010 ஆம் ஆண்டில் ஒன்றைத் தவிர ஏனையவற்றின்மீது புதிய கற்பலகைகளைப் பதித்தார்கள். பழமையின் அழகு கெட்டதென்று பலர் முறையிட்டனர். குளிர்நீரில் விழுந்த பிள்ளையை ஒருமுறை தூக்கியெடுத்த தாய் எவளும் அம்முறையீட்டிற் சேர்ந்திருக்கமாட்டாள்.

கற்களுக்கு அப்பால் தோர்ப் கிளவுட் என்னும் குன்று நிற்கின்றது. உயரம் 287 மீற்றர்தான். ‘கிளவுட்’ என்பதற்கு இங்கே முகில் என்று பொருள் கொள்ளலாகாது. பாறையையோ குன்றையோ குறித்த பழைய ஆங்கிலச் சொல் அது. பத்து வயதுச் சிறுவர் இதன்மீது பெற்றோருக்கு முன்னதாகவே ஏறிவிடுவர். இறங்கும்போது மாத்திரம் கையைப் பிடித்துக்கொள்வது நன்று.

இங்கிருந்து மில்டேல் என்னும் குக்கிராமம் வரை நதியோரமாகச் செல்லும் வழியே இப்பள்ளத்தாக்கின் சிறப்பு. இரண்டரை மைலுக்குக் குறையாத தூரம்; உணவுண்டு, விளையாடி, திரும்பிவர ஒரு பகற்பொழுது தாராளமாகப் போதும். இருமருங்கும் செங்குத்தான வெண்பாறைகள் கோபுரங்கள் போல எழுகின்றன. ஓரிடத்தில் பாறையே தோரண வாயிலாக வளைந்து, பின்னாலுள்ள குகையை மறைத்து நிற்கின்றது. ‘காதலர் பாய்ச்சல்’ எனப்படும் மேட்டுக்கு ஏறும் படிகளை இரண்டாம் உலகப் போரிற் சிறைப்பட்ட இத்தாலியப் போர்வீரர் அமைத்தார்கள் என்பர். காதலன் போரில் மடிந்தான் என்று கேட்ட நங்கையொருத்தி அங்கிருந்து குதித்தாளாம். பாவாடை மரக்கிளையிற் சிக்கியதால் உயிர் தப்பினாளாம். வீடு திரும்பியபோது காதலன் உயிரோடிருக்கிறான் என்ற செய்தி காத்திருந்ததாம். கதை எப்படியாயினும், படிக்கற்களை உற்று நோக்குமாறு பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கடல் அல்லி என வழங்கும் பிராணிகளின் எச்சங்களை அவற்றிலே காணலாம். சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பமான கடலின் அடியிலே பிறந்த சுண்ணக்கல் இது. எமது யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லும் கடலிற் பிறந்ததே. ஆயினும் இதனோடு ஒப்பிட்டால் அது வயதில் மிக இளையது.

நதியிலே நீர் பளிங்கு போன்றது. வெண்மார்புடைய சிறு பறவையொன்று கல்லின்மேல் நின்று குனிந்து குனிந்து நிமிர்வதைக் கண்டால் ஓசைப்படாமல் நில்லுங்கள். சற்று நேரத்தில் அது நீருக்குள் இறங்கி, அடித்தளத்திலே நடந்து இரை தேடும். சரிவுகளை மூடியிருக்கும் ஆஷ் மரங்களோ இப்போது துயரம் தரும் காட்சி. பூஞ்சண நோயொன்றினால் அவை பட்டுப்போகின்றன. பாதையோரத்தில் நிற்பவை விழுந்து ஆபத்து விளையாதிருக்கத் தறிக்கப்படுகின்றன.

மில்டேலில் நதிக்குக் குறுக்கே ஒடுங்கிய கற்பாலமொன்று உண்டு. பொதி சுமந்த குதிரைகளுக்காகக் கட்டப்பட்டது. மீன்பிடிக் கலை பற்றி ஐசாக் வால்டன் 1653 இல் வெளியிட்ட நூலுக்கு, 1676 இல் சார்ல்ஸ் கொட்டன் இரண்டாம் பாகம் எழுதிச் சேர்த்தார். அதில் வரும் வழிப்போக்கன் இப்பாலத்தின் ஒடுக்கத்தைக் கண்டு கலங்குகின்றான். அவனது பெயரே பாலத்துக்கும் நிலைத்துவிட்டது.

இனி, இவ்வழிகள் யாருக்குச் சொந்தம் என்பதைச் சொல்லாமற் போவது முறையன்று. டவ்டேலின் பெரும்பாகம் நாஷனல் டிரஸ்ட் என்னும் தர்மஸ்தாபனத்தின் பராமரிப்பில் உள்ளது. ஆனால் சுற்றுப்புறத்து வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் தனியாருடையவை. அவற்றின் நடுவேயும் பொதுமக்களின் நடைவழிகள் செல்கின்றன. ஒருவருடைய புற்றரையைக் குறுக்கறுத்து, சில வேளைகளில் அவர் வீட்டு முற்றத்தையே ஒட்டி, முன்பின் அறியாத குடும்பம் நடந்து போகும். உடைமையாளர் தடுக்க இயலாது. எமது வேலிக் கடப்புக்களைப் போல அங்கும் மதில்களிலே கடவைகள் உண்டு. இரு கற்றூண்களுக்கிடையே ஒருவர் ஒருக்களித்து நுழையத்தக்க இடைவெளி ஒரு வகை. ஆடு நுழையாது, பருத்த மாமன்மாருக்கும் சற்றுச் சங்கடமே. வயலை உழுதவர் அதன் குறுக்கே செல்லும் வழியை 14 நாட்களுக்குள் மீண்டும் நடக்கத்தக்கதாக்க வேண்டும் என்பது சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இத்தகைய பொதுவழிகளின் நீளம் சுமார் 1,40,000 மைல்.

இவ்வுரிமை தானாகக் கனிந்து விழுந்த பழமன்று. டவ்டேலுக்கு வடக்கே, அதே பீக் மலைநாட்டின் மிக உயர்ந்த மேட்டுநிலம் கிண்டர் ஸ்கௌட். பிரபுக்களின் வேட்டைக்காக அது அடைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24 ஆம் நாள், பென்னி ரொத்மன் என்னும் இருபது வயது இளைஞரின் தலைமையில் சில நூறு பேர், பெரும்பாலும் தொழிலாளர், தடையை மீறி அதன்மீது ஏறினார்கள். காவலாளருடன் கைகலப்பு மூண்டது. ஐவர் சிறை சென்றனர். அதே ஆண்டில் நிறைவேறிய சட்டமொன்று, ஒளிவுமறைவின்றியும் தடையின்றியும் பொதுமக்கள் 20 ஆண்டுகள் நடந்த வழி பொதுவழியாகக் கருதப்படும் என்று விதித்தது. 1949 ஆம் ஆண்டுச் சட்டம் வழிகளை எல்லாம் அதிகாரபூர்வமான படங்களிற் பதியச் செய்தது. 1951 இல் பீக் மலைநாடு பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. அன்று வேட்டை நிலத்துக்கு உடையவராயிருந்த டெவன்ஷயர்ப் பிரபுவின் பேரனார், எழுபதாண்டு கழித்து 2002 இல், பாட்டனார் செய்ததற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். காலால் நடந்து பெற்ற உரிமை இது. எவரும் நடவாத வழியைப் பற்றைகள் மூடிவிடும். மூடிய வழிக்காக வாதாட ஆளும் இராது. அவ்வகையில், பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கடவையைத் தாண்டும் சிறுமியும் அவ்வுரிமைக்குக் காவலாளியே.

சிறு குழந்தைகள் உள்ளோரும், சக்கர நாற்காலியிற் செல்வோரும் அயலிலுள்ள மனிபோல்ட் பள்ளத்தாக்கைத் தேர்வது நலம். 1904 முதல் 1934 வரை அங்கே ஒடுங்கிய புகையிரதப் பாதையொன்று இருந்தது. அதனை அமைத்த பொறியியலாளர் கால்த்ரொப், இந்தியாவின் பார்சி இலகு புகையிரதப் பாதையைக் கட்டியவர். அதனால் இந்த ஆங்கில ஆட்டுப்பட்டிகளினூடே, வெப்ப நாடுகளுக்கு ஏற்ற பெருவிளக்குத் தாங்கிய இயந்திரங்கள் ஓடின! பயணிகள் போதாமையால் பாதை மூடப்பட்டது. தண்டவாளங்களை அகற்றி 1937 இல் நடைவழியாகத் திறந்தார்கள். ஏறத்தாழ 8 மைல், முழுவதும் மட்டமான வழி. துவிச்சக்கரவண்டிகளும் செல்லலாம். ஒரு பகுதியில் மாத்திரம் மோட்டார் வண்டிகளும் வருமாதலால் பிள்ளைகளைக் கவனித்தல் அவசியம்.

மனிபோல்ட் நதி ஒரு மாயக்காரி. கோடையில் வெட்டன் மில் என்னும் இடத்துக்கு அண்மையில் சுண்ணக்கற் பிளவுகளுக்குள் இறங்கி மறைந்துவிடும். அதற்குக் கீழே வெறும் கற்படுகையையே காண்போம். பல மைல் நிலத்தடியிலே சென்று, ஐலம் கிராமத்துப் பூங்காவிலே பீறிட்டு வெளிவந்து, சற்றுத் தூரத்தில் டவ் நதியுடன் கலக்கின்றது. அந்த ஐலம் மாளிகையையும் நிலத்தையும், மான்செஸ்டர் மா வியாபாரி றொபர்ட் மக்டூகல் வாங்கி, இளைஞர் விடுதியாக விளங்கவேண்டும் என்று 1934 இல் நாஷனல் டிரஸ்டுக்கு அளித்தார். நீர் பொங்கும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி, ஒரு பழங்கதையையும் சொல்லலாம். 1777 இல் அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜோன்சன் தம் நண்பர் பொஸ்வெல்லுடன் இங்கு வந்தார். நதி மறையும் இடத்தில் தக்கைகளை இட்டு, அவை வெளிவரும் வாயிலில் வலை கட்டிப் பிடித்ததாகத் தோட்டக்காரன் சாட்சி சொன்னான். அப்போதும் ஜோன்சன் நம்பவில்லையாம்.