திரும்பிப்போகும் கப்பல்

நம் கவிதைகளில் கப்பல்கள் அதிகமாகிவிட்டன. வேலூரிலிருந்து கடல் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். இங்கே உட்கார்ந்து எழுதுகிறவர்களும் பாய்மரம், நங்கூரம், கரை என்றுதான் எழுதுகிறார்கள். பெரும்பாலும் கப்பல் ஆத்மாவாக இருக்கிறது. வீடு திரும்புதல் ஏதோ ஒரு முழுமையாக. இது எனக்குச் சங்கடமாக இருப்பதற்குக் காரணம் என் உத்தியோகமாக இருக்கலாம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்கிறவன் நான். கப்பலைப் பார்ப்பதில்லை. அதன் பெயர், புறப்படும் தேதி, சேருமிடம், கண்டெய்னர் நம்பர் — இவ்வளவுதான் எனக்குக் கப்பல். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன்: கப்பலில் எது ஏறும், எது ஏறாது என்பதைக் காற்று தீர்மானிப்பதில்லை, காகிதம் தீர்மானிக்கிறது.

கடல் இல்லாத வேலூருக்கு ஒரு கப்பலின் கதை உண்டு. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பிப்ரவரியில் பிடிபட்டான். 1816 ஜனவரி 24-ல் அவனையும் ராணிகளையும் உறவினர்களையும் பணியாட்களையும் கார்ன்வாலிஸ் என்ற போர்க்கப்பலில் கொழும்பிலிருந்து ஏற்றினார்கள். சென்னை வந்து சேர்ந்தது பிப்ரவரி 22-ல். கிட்டத்தட்ட ஒரு மாதம் ஒரு குடும்பம் பாய்க்கப்பலில் குடியிருந்திருக்கிறது. தை மாசியில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். வடக்கே ஏறிவர வேண்டிய பாய்க்கப்பல் நேராக வர முடியாது. கூட வந்த கிரான்வில் என்ற அதிகாரி நாட்குறிப்பு எழுதினார். ஆகவே அந்த ஒரு மாதம் நமக்குக் காவல்காரனின் கண்வழியாகத்தான் கிடைக்கிறது. ராணிகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், திரும்புவதைப்பற்றிப் பேசினார்களா என்பதற்கு அவர்கள் வாய்மொழி எதுவும் மிஞ்சவில்லை.

இதில் விசித்திரம் வேறு. கண்டியில் நாயக்க வம்சம் 1739-ல் அரியணை ஏறியது. அதற்குமுன் கண்டி மன்னர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து பெண் எடுத்தார்கள்; பெண்ணோடு வந்த உறவுக்காரர்கள் பிறகு அரசர்களானார்கள். விக்கிரம ராஜசிங்கனின் பழைய பெயர் கண்ணுசாமி. ரத்தக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு, கார்ன்வாலிஸ் அவனை நாடு கடத்தவில்லை, சொந்த ஊருக்குத் திருப்பிக்கொண்டுவந்து விட்டது. இந்தக் கணக்கை 1815 மார்ச் 2-ம் தேதி கண்டி ஒப்பந்தமே போட்டுக் காட்டியிருக்கிறது. அதன் ஒரு ஷரத்து, அரசனின் உறவினரான ஆண்கள் எவரும் பிரிட்டிஷ் அரசின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் கண்டிப் பிரதேசத்தில் நுழையக்கூடாது என்கிறது. வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்களும் — அன்றைய வெள்ளைக்காரன் தமிழர்களுக்கு வைத்த பெயர் அது — அனுமதி இல்லாமல் திரும்பக்கூடாது. மீறினால் ராணுவச் சட்டம். குடும்பம் கப்பலேறுவதற்குப் பத்து மாதத்துக்கு முன்பே திரும்பும் வழி காகிதத்தில் மூடப்பட்டுவிட்டது.

வேலூர்க் கோட்டை அப்போது ராஜகுடும்பங்களுக்குப் பழகிய இடம். திப்புவின் மக்களை இங்கேதான் வைத்திருந்தார்கள். 1806 ஜூலை சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்டி அரசன் பதினாறு வருஷம் இருந்து 1832 ஜனவரி 30-ல் இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி இருக்கிறது. 1990-ல் அங்கே முத்துமண்டபம் கட்டினார்கள். எதிரே ஆறு. வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். இந்தப் பள்ளத்தாக்கின் தோல் கழிவு நீரைப்பற்றி 1996-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டிவந்த ஆறு இது.

பொருள்கள் திரும்பியிருக்கின்றன. கண்டியின் சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய், 1934-ல் கப்பலேறி இலங்கைக்கு வந்தது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர்கூட வெளியே சத்துவாச்சாரியில் நெடுங்காலம் இருந்துவிட்டு 1981-ல் தன் கர்ப்பக்கிருஹத்துக்குத் திரும்பினார். நாற்காலிக்கும் சாமிக்கும் கிடைத்தது, உட்கார்ந்திருந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

இதெல்லாம் பழைய சரித்திரம் என்று விட்டுவிடலாம். ஆனால் என்னால் விடமுடியாதபடிக்கு எனக்கு ஒரு குடும்பம் தெரியும். வேலூர்ப் பக்கத்து முகாம் ஒன்றில் இருக்கிறார்கள். தகப்பன் 1990-ல் மன்னாரிலிருந்து சிறுபையனாகப் படகில் வந்தவர். பெயின்ட் வேலைக்குப் போகிறார். மகள் எங்கள் கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். பாட்டியிடம் ஒரு தகரப்பெட்டி. அதில் காணி உறுதி. "உறுதி இருக்குது தம்பி, காணி இருக்குதோ தெரியா" என்றாள் என்னிடம். அழவில்லை. ரேஷனில் அரிசி வந்ததா என்று கேட்டால் சொல்கிற குரல்தான்.

திரும்பிப்போவது அந்த வீட்டில் நித்தியப் பேச்சு. "பிளேனில போனால் சாமான் கொண்டுபோக ஏலாது அண்ணை. கப்பல் விட்டால் போவம்" என்பது தகப்பனின் கட்சி. தையல் மெஷின், கட்டில், பாத்திரம் — முப்பது வருஷத்துக்குமேல் சேர்த்ததை விட்டுவிட்டுப் போய் அங்கே மறுபடி வெறுங்கையோடு ஆரம்பிக்க அவர் தயாரில்லை. தலைமன்னார்க் கப்பல் 1984-ல் நின்றது. 2011-ல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு விட்டார்கள். சில மாதங்களில் நின்றது. 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு விட்டார்கள். சில நாளில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் பெட்டி திறக்கப்பட்டது, மூடப்பட்டது. கப்பல் வந்தபின்தான் தெரிந்தது, போவதற்கும் அனுமதி வேண்டும் என்று. பாஸ்போர்ட்டில் முத்திரை விழாமல் வந்தவர்கள், முத்திரையோடு வெளியேற வேண்டும்.

2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். அந்த நவம்பரில் வேலூரை அடுத்த மேல்மொணவூரில் புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். நல்ல காரியம், ஒழுகுகிற கூரைக்கு அடியில் இருந்தவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. ஆனால் கான்கிரீட் வீடு வந்ததும் பாட்டி கலங்கிவிட்டாள் என்று மகள் சொன்னாள். கூரை நிலைத்துவிட்டால் போகமாட்டோம் என்று தோன்றியிருக்கும்.

மகளுக்குப் போகிற எண்ணம் இல்லை. "இங்க நான் சிலோன்காரி சார். அங்க போனா இந்தியாக்காரின்னுதான் சொல்வாங்க" என்றாள். அவள் பேசுவது சுத்தமான வேலூர்த் தமிழ். வீட்டுக்குள் நுழைந்ததும் மன்னார்த் தமிழ். அவள் பிறந்தது வேலூர் ஆஸ்பத்திரியில். 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை.

இங்கே என் உத்தியோகம் குறுக்கிடுகிறது. சில ஆர்டர்களுக்குத் தோல் வெளிநாட்டிலிருந்து வரும். ஆம்பூரில் வெட்டி, தைத்து, அட்டையடித்து, பெட்டிக்குள் போட்டதும் அது இந்தியச் சரக்கு. பிறப்பிடச் சான்றிதழ் ஒன்று உண்டு. 'இந்தியா' என்று தட்டச்சுச் செய்து அனுப்புகிறேன். கேள்வி இல்லை. எந்த நாட்டு மாட்டின் தோலானாலும் இங்கே வேலை நடந்து உருமாறிவிட்டால் இந்த ஊர்க்காரன் ஆகிவிடுகிறது, நியாயமான விதிதான். அந்தத் தோலைத் தைக்கிறவள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இந்த ஊர்த் தமிழ் பேசி, இருபது வருஷத்துக்குமேல் ஆகியும் உருமாறியதாக எந்தக் காகிதமும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் தைத்த ஷூ ஹாம்பர்க் போகிறது. அவளுக்குச் சென்னை போய்த் தங்கவே முகாமில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

ஆகவே 'வீடு திரும்புதல்' என்று கவிதையில் படிக்கும்போது யார் வீடு, எந்தத் திசை என்று கேட்கத் தோன்றுகிறது. கண்டி அரசனுக்குத் திரும்பிவந்ததாகச் சொல்லப்பட்ட ஊரே சிறை. இந்தக் குடும்பத்தில் ஒருத்திக்குத் திரும்புவது என்றால் மன்னார். இன்னொருத்திக்கு அது நாடு கடத்தல். நடுவில் இருக்கிற மனுஷன் தாயைத் தனியாக அனுப்பவும் முடியாமல், மகளை இழுத்துக்கொண்டு போகவும் முடியாமல் கப்பல் கட்டணத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஒரே கப்பல் இந்த மூன்று பேருக்கும் வேறுவேறு பக்கம் போகிறது. கவிதையில் கப்பல் வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்த மூன்று பேரையும் ஏற்றிக்கொள்கிற கவிதையை நான் இன்னும் படிக்கவில்லை.