கோனித் தீவின் செவிவழிச் செய்திகள்

பௌதிகம் கற்பிக்கும் ஒருவன் கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றி எழுதப் புகுவது படிப்போர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், அப்பூங்காக்களைச் சார்ந்த செவிவழிச் செய்தியொன்றை யான் பல்லாண்டுகள் வகுப்பறையில் மெய்யெனவே சொல்லிவந்தேன். அது மெய்யன்று என்பதை ஒரு மாணவன் எனக்கு உணர்த்தினான். வகுப்பிற் சொன்ன பிழையை வகுப்பிலேயே திருத்திவிட்டேன். எனினும், அவ்வகுப்பைக் கடந்து சென்ற பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பவர்; அவர்களுக்குத் தீர்க்கவேண்டிய கடன் ஒன்று எஞ்சியிருக்கின்றது. அதன்பொருட்டே இதனை எழுதுகின்றேன்.

கோனித் தீவு என்பது நியூயார்க் மாநகரின் புரூக்ளின் பகுதியில், அட்லாண்டிக் கடலோரத்தில் உள்ளது. பெயர் தீவாயினும் இன்று அது நிலத்தோடு இணைந்த கடற்கரையே. அங்கே 1895-ஆம் ஆண்டில் பாய்ட்டன் என்பார் நாற்புறமும் வேலியிட்டு, நுழைவுக்கட்டணம் பெற்று, கடற்சிங்கப் பூங்கா ஒன்றைத் திறந்தார். 1897-இல் டில்யூ என்பார் ஸ்டீப்பிள்சேஸ் பூங்காவை அமைத்தார். இரும்புத் தண்டவாளத்தின்மீது மரக்குதிரைகள் ஓடும் பந்தயமே அதன் சிறப்பு. 1902-இல் அவர் தாம்ஸன், டண்டி என்னும் இருவரைத் தம் பூங்காவுக்கு அழைத்துவந்தார். அவர்கள் பபலோ நகரப் பொருட்காட்சியிற் புகழ்பெற்ற "சந்திரப் பயணம்" என்னும் காட்சியின் உரிமையாளர். அடுத்த பருவத்துக்கு அவர்களுடைய வருவாய்ப் பங்கைக் குறைக்க டில்யூ முற்பட்டார். இருவரும் உடன்படாராய், கடற்சிங்கப் பூங்கா இருந்த நிலத்தையே குத்தகைக்குப் பெற்று, 1903-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் லூனா பூங்காவைத் திறந்துவிட்டனர்.

அப்பெயருக்கே இரண்டு கதைகள் உண்டு. சந்திரப் பயணத்திற் பறக்கும் கப்பலின் பெயர் லூனா. ஆதலின் அப்பெயர் வந்தது என்பர் ஒருசாரார். டண்டியின் சகோதரி பெயரும் லூனா; உடன்பிறந்தாள்மேல் வைத்த அன்பால் இட்ட பெயர் அது என்பர் மற்றொருசாரார். இத்தகைய செவிவழிச் செய்தியால் எவர்க்கும் தீங்கில்லை.

1904-இல் ரெய்னால்ட்ஸ் என்னும் அரசியல்வாதி டிரீம்லாந்து என்னும் மூன்றாம் பூங்காவைத் திறந்தார். அன்று தொடங்கிற்று மும்முனைப் போட்டி. லூனாவில் 250,000 மின்விளக்குகள் எரிந்தன எனின், டிரீம்லாந்தில் 1,000,000 விளக்குகள் என்று விளம்பரம் செய்தனர். அதன் வெண்கோபுரம் 375 அடி உயரம். லூனாவிலே ஒரு கட்டடத்துக்குத் தீவைத்து, தீயணைப்போர் வந்து அணைக்கும் காட்சி நடந்தது. டிரீம்லாந்திலும் அதுவே நடந்தது. ஒருவர் செய்ததை மற்றவர் பெரிதாகச் செய்தல் என்பதே அங்கு விதி. 1907-இல் ஸ்டீப்பிள்சேஸ் மெய்யாகவே எரிந்து சாம்பலாயிற்று. மறுநாளே டில்யூ வாயிலில் ஓர் அறிவிப்பு வைத்தார்: முன்னிலும் பெரிய பூங்காவை இவ்விடத்திற் கட்டுவோம், எரிந்த இடத்தைப் பார்க்கக் கட்டணம் 10 சென்ட். தம் கேட்டையும் காட்சியாக்கி விற்றவர் அவர்.

இனி, யான் சொல்லிவந்த கதைக்கு வருகின்றேன். மாறுதிசை மின்னோட்டத்தைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம், எடிஸனுக்கும் வெஸ்டிங்ஹவுஸுக்கும் நடந்த மின்சாரப் போட்டியைச் சொல்வேன். எடிஸன் நேர்திசை மின்னோட்டத்தை ஆதரித்தவர். வெஸ்டிங்ஹவுஸ் மாறுதிசை மின்னோட்டத்தை ஆதரித்தவர். "தம் பகைவருடைய மின்சாரம் உயிர்க்கொல்லி என்று உலகுக்குக் காட்டுவதற்காக, எடிஸன் கோனித் தீவிலே டாப்ஸி என்னும் யானையை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார், அதனைத் திரைப்படமாகவும் எடுத்தார்" என்று முடிப்பேன். வகுப்பு ஒருகணம் மூச்சடங்கி இருக்கும். மின்தடையும் மின்னழுத்தமும் பெற்றுத்தராத அமைதியை அந்த யானை எனக்குப் பெற்றுத்தந்தது. அதனால் ஆண்டுதோறும் அதனைச் சொன்னேன். மெய்தானா என்று ஒருநாளும் பார்த்தேனல்லேன்.

ஒருநாள் வகுப்பு முடிந்தபின், பின்வரிசையில் அமரும் மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி என் மேசையருகே வந்தான். "ஐயா, ஓர் ஐயம். எடிஸனுடைய கம்பெனி மற்றொரு கம்பெனியோடு இணைந்து அவர் கைவிட்டுப் போனது 1892 என்று தாங்கள் சொன்னீர்கள். யானை இறந்தது 1903 என்றும் சொன்னீர்கள். பதினோராண்டுக்கு முன்னே முடிந்த போட்டிக்கு அவர் ஏன் யானையைக் கொல்லவேண்டும்?" என்றான்.

"நாளை சொல்கிறேன், தம்பி" என்றேன். மறுநாள் சொல்லவில்லை, அடுத்த வாரமும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளையும் ஒரே கரும்பலகையில் எழுதிய கை என்னுடையது. அவற்றைக் கழித்துப் பார்த்தவன் அவன். அந்த வெட்கம் தீர்வதற்குச் சில நாட்கள் ஆயின. பிறகே நூல்களைத் தேடிப் படித்தேன்.

டாப்ஸியின் வாழ்க்கையே ஒரு பொய்யுரையோடு தொடங்கியது. ஆசியக் காட்டில் பிறந்த பெண்யானைக் கன்று அது. போர்பா என்னும் சர்க்கஸ் முதலாளி அதனை மறைவாகக் கொணர்வித்து, 1877-இல், அமெரிக்க மண்ணிற் பிறந்த முதல் யானை இதுவே என்று பறைசாற்றினார். அவர்க்குப் போட்டியாளர் பார்னம். இருவர்க்கும் விலங்கு விற்கும் வணிகர் ஒருவரே. அவர் உண்மையைப் பார்னமுக்குச் சொல்லிவிட, புரட்டு வெளிப்பட்டது. அப்பொழுதே அக்கன்று இரு முதலாளிகளின் போட்டிக்கு ஒரு பொருளாகிவிட்டது.

ஏறக்குறைய கால் நூற்றாண்டு அது சர்க்கஸில் உழைத்தது. 1902-இல் புரூக்ளினில் ஒரு மனிதனைக் கொன்றது. அவன் எரியும் சுருட்டால் அதன் துதிக்கையைச் சுட்டான் என்பது அக்காலத்துச் செய்தி. அதன்பின் கடற்சிங்கப் பூங்காவுக்கு விற்கப்பட்டு, அந்நிலத்தோடு தாம்ஸன், டண்டி கைக்கு வந்தது. அதன் பாகனோ குடிப்பழக்கம் உடையவன். ஒருமுறை கவைக்கோலால் அதனைக் குத்தித் துன்புறுத்துகையில் போலீஸார் தடுத்தனர். மற்றொருமுறை குடிமயக்கத்தில் அதன்மேல் ஏறித் தெருவழியே போலீஸ் நிலையத்துக்கே ஓட்டிவந்தான். பாகன் செய்த குற்றம் யானையின் கணக்கில் எழுதப்பட்டது. பத்திரிகைகள் அது கொன்றவர் தொகையை ஆளுக்கொரு விதமாக எழுதின.

லூனாவின் முதலாளிகள் யானையைத் தொலைக்க முடிவுசெய்தனர். அதனையும் வாணிகமாகவே எண்ணினர். அதனைத் தூக்கிலிடுவது, பார்ப்போரிடம் தலைக்கு 25 சென்ட் வாங்குவது என்பது அவர்கள் திட்டம். விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தார் குறுக்கிட்டு, கட்டணக் காட்சியைத் தடுத்தனர். தூக்கிலிடுதல் வேண்டாத கொடுமை என்றும் சொன்னார்கள். ஆதலின் நஞ்சு, மின்சாரம், கயிறு ஆகிய மூன்றும் ஏற்பாடாயின.

1903-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ஆம் நாள், கட்டிமுடியாத அப்பூங்காவின் நடுவே அது நிறுத்தப்பட்டது. கொலைக்களமாகக் குறித்த மேட்டுக்குச் செல்லும் பாலத்தை அது கடக்க மறுத்துவிட்டது. அழைத்துச் சென்றால் 25 டாலர் தருவதாகப் பழைய பாகனிடம் சொன்னார்கள். குடிகாரனென்று வேலையினின்றும் நீக்கப்பட்ட அவனும் அதற்கு இசையவில்லை. எனவே யானை நின்ற இடத்துக்கே மின்கம்பிகளைக் கொணர்ந்தனர். நஞ்சிட்ட மஞ்சள் முள்ளங்கிக் (கேரட்) கிழங்குகளை ஊட்டி, பாதங்களிற் செப்புத் தகடு பூட்டி, 6,600 வோல்ட்டு மின்சாரத்தை 10 விநாடி செலுத்தினர். சுமார் 1,500 பேர் பார்த்து நின்றனர். பூங்காவின் திறப்பு விழாவை அறிவிக்கும் பதாகைகள் அவ்விடத்திலேயே தொங்கின.

எடிஸன் அங்கு வரவில்லை. அவர் ஆணையும் இல்லை. மின்சாரம் அளித்த புரூக்ளின் கம்பெனி அவர் பெயரைத் தாங்கியதேயன்றி, அவர் உடைமையன்று. அவருடைய திரைப்படக் கம்பெனியார் படமெடுத்தது மட்டும் மெய். ஆனால் கதைக்கு வேர் ஒன்று உண்டு: 1888-இல் அவருடைய ஆராய்ச்சிக் கூடத்திலே மாறுதிசை மின்னோட்டத்தின் கொடுமையைக் காட்ட நாய்களும் கன்றுகளும் குதிரையும் கொல்லப்பட்டன. அந்த மெய்யோடு கம்பெனிப் பெயரும் திரைப்படமும் ஒட்டிக்கொள்ள, பொய் ஒன்று முளைத்துவிட்டது. 1888-இல் நடந்த பாவத்துக்கு எடிஸனைக் குற்றஞ் சொல்லலாம். 1903-இல் நடந்ததற்குச் சொல்லுதல் பொய்ச்சாட்சி. பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளையைச் சிறுவயது முதல் மனப்பாடஞ் செய்தவன் யான். இறந்துபோன அறிவியலார்மீது கூறும் பொய்யும் அதில் அடங்கும் என்று எனக்குத் தோன்றாமற் போயிற்று.

அதனினும் பெரிதாக ஒன்று என் நெஞ்சை வருத்தியது. யான் சொன்ன கதையில் ஒரே ஒரு குற்றவாளி இருந்தார். அவர் புகழ்பெற்றவர், கேட்போர்க்கு எட்டாதவர். மெய்க்கதையிலோ பலர் இருந்தனர்: கன்றைப் பற்றிப் பொய்சொன்ன முதலாளி, சுருட்டால் சுட்டவன், கவைக்கோல் பிடித்தவன், சாவையும் சரக்காக்க எண்ணிய இருவர், பார்த்து நின்ற 1,500 பேர். எடிஸனைக் குற்றக்கூண்டில் ஏற்றியபோது யான் இத்தனை பேரையும் விடுதலை செய்துவிட்டேன். பார்த்து நின்றோர் வரிசையில் என்னையும் சேர்க்கவேண்டும். வகுப்பு அடங்கவேண்டும் என்பதற்காக அந்த யானையை ஆண்டுதோறும் ஒருமுறை கொன்று காட்டியவன் யான்.

மறு வாரத் திங்கட்கிழமை வகுப்புத் தொடங்கியதும் கரும்பலகையில் 1892, 1903 என்று எழுதி, என் பிழையைச் சொன்னேன். பிழை கண்டவன் பெயரையும் சொன்னேன். அவன் தலைகுனிந்திருந்தான். சிறிது நேரங்கழித்து வேறொருவன் எழுந்து, "அப்படியானால் அந்த ஊர்க் கதைகளுள் எதைத்தான் நம்புவது, ஐயா?" என்றான். அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கின்றேன்.

1911-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் பின்னிரவில், டிரீம்லாந்தில் "நரக வாயில்" என்னும் காட்சிச்சாலையைப் பழுதுபார்க்கையில், காய்ச்சிய தார் கவிழ்ந்து தீப்பற்றியது. தீயணைக்கும் நாடகம் நாள்தோறும் நடந்த பூங்கா விடிவதற்குள் அழிந்தது. குறைமாதத்திற் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வெதுவெதுப்பாக வைத்துக் காக்கும் காட்சிச்சாலை ஒன்று அங்கிருந்தது. அக்குழந்தைகள் எரிந்து மாண்டன என்று முதலில் செய்தி பரவிற்று. அது பொய், குழந்தைகள் அனைத்தும் காப்பாற்றப்பட்டன. விலங்குகள் பல மாண்டன; மனிதருள் எவரும் மாளவில்லை.

அக்காட்சிச்சாலையை நடத்தியவர் மார்ட்டின் கூனி. லூனாவில் 1903 முதல் 1943 வரை அவருடைய குழந்தைச்சாலை நடந்தது. இவர் மெய்யான மருத்துவரல்லர் என்பது இவரைப் பற்றிய செவிவழிச் செய்தி. பின்வந்தோர் ஆராய்ந்தபோது, அவர் மருத்துவப் பட்டம் பெற்றமைக்குச் சான்று கிடைக்கவில்லை. செய்தி பெரும்பாலும் மெய்யே போலும். ஆயினும், மருத்துவமனைகள் கைவிட்ட குழந்தைகளுள் ஏறக்குறைய 6,500 உயிர்கள் அவராற் பிழைத்தன என்பர். பெற்றோரிடம் அவர் ஒரு காசும் வாங்கவில்லை. பார்க்க வந்தோர் தந்த கட்டணமே செவிலியர்க்குச் சம்பளமும் குழந்தைக்குப் பாலும் ஆயிற்று. அக்கட்டணம் 25 சென்ட். யானை சாவதைப் பார்க்க அதே லூனாவின் முதலாளிகள் வாங்க எண்ணிய தொகையும் அதுவே. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஒன்றே. அதன் எதிரே எதனைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதே வேறு.

டிரீம்லாந்தை மீண்டும் கட்டவில்லை. லூனா 1944-இல் எரிந்து மூடப்பட்டது. ஸ்டீப்பிள்சேஸ் 1964-இல் மூடப்பட்டது. 2003-இல் கோனித் தீவின் அருங்காட்சியகத்தில் டாப்ஸிக்கு ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள். 2010-இல் லூனா என்னும் பெயரில் புதிய பூங்கா ஒன்று அங்கே திறக்கப்பட்டது.

பழைய மாணவர்காள்! என் வகுப்பில் யானைக் கதையைக் கேட்டுச் சென்றவர்கள் அதனைத் தம் பிள்ளைகளுக்கும், ஆசிரியராயினோர் தம் மாணவர்க்கும் சொல்லியிருக்கக்கூடும். அருள்கூர்ந்து அவர்களிடம் திருத்திச் சொல்லுங்கள். அக்கதை சொல்லும்போது வகுப்பு முன்போல் மூச்சடங்கி இராது, யானும் கண்டேன். ஆயினும், கதை முடிந்தபின் ஒருவன் கையுயர்த்தி, "அந்த 1,500 பேரில் ஒருவரும் வேண்டாமென்று சொல்லவில்லையா, ஐயா?" என்று கேட்டான். பழைய கதையைச் சொன்ன காலமெல்லாம் என்னை எவரும் அப்படிக் கேட்டதில்லை.