போதகர் இல்லாத இரவு

1824 மாசி மாதம். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு அமெரிக்க மிஷன் நிலையத்தின் பொறுப்பாளர் டாக்டர் ஜோன் ஸ்கடரும் மனைவியும் வெளியே போயிருந்தார்கள். படுக்கப்போன விடுதிப் பையன்களோடு உள்ளூர் விசுவாசி ஒருவர் உருக்கமாகப் பேசினார். அதன்பிறகு அவர்களுக்கு நித்திரை வரவில்லை. சிறு சிறு கூட்டமாகத் தோட்டத்துக்குள் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் நாலா பக்கமும் ஜெபச் சத்தம்.

எழுப்புதல் கூட்டம் நடத்துகிற போதகர் எவருக்கும் இது சற்றுச் சங்கடமான வரலாறுதான். பெரியவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்தல்லவா அது வந்திருக்கிறது!

இன்று முல்லைத்தீவுத் தண்ணீரூற்றில் கொட்டகை போட்டுக் கூட்டம் வைக்கும் போதகரின் கைப்பழக்கம் வேறு. எந்தப் பாட்டின் பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும், யாரை முதலில் சாட்சி சொல்ல எழுப்ப வேண்டும், முன்னுக்கு வரும்படி அழைக்கும்போது கீபோட்டை எவ்வளவு தணிக்க வேண்டும் எல்லாம் அவருக்குத் தெரியும். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு வன்னியில் சனத்தை அழவைக்க இவ்வளவு ஆயத்தமும் தேவையில்லை என்பதும் தெரியும். இறந்தவர்களின் பெயரை மெல்லச் சொன்னாலே போதும். அதைச் செய்யாமல் இருப்பதுதான் சிரமம்.

யாழ்ப்பாணத்து மிஷனரிமார் அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டவர்கள். 1824 தை மாதம் தெல்லிப்பழையில் தொடங்கிய அசைவு உடுவிலுக்கும் வட்டுக்கோட்டைக்கும் பரவியது. பையன்கள் அழுதார்கள் என்பதற்காக உடனே திருச்சபையில் சேர்த்துவிடவில்லை. விசாரித்தார்கள், கற்பித்தார்கள், காத்திருந்தார்கள். 41 பேரை அங்கத்தவராக ஏற்றது 1825 தையில். இடையில் ஏறத்தாழ ஒரு வருடம். இன்றைக்கு எந்தப் போதகர் அவ்வளவு பொறுப்பார்? ஞாயிற்றுக்கிழமையே எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கணக்குக் கேட்பார்கள்.

திருநெல்வேலிச் சீமையில் நடந்தது இன்னும் துணிச்சலானது. மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்த ஜோன் கிறிஸ்தியான் அருளப்பன், மிஷன் சம்பளத்தை நம்பாமல் ஊழியம் செய்தவர். அவருடைய கிறிஸ்தியான்பேட்டையில் 1860இல் எழுப்புதல் மூண்டது. மனிதர் விழுந்தார்கள், நடுங்கினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். வேல்ஸ் நாட்டு எழுப்புதலில் இவான் றொபேட்ஸின் பெயர் அடிபட்ட 1904க்கும், லொஸ் ஏஞ்சல்ஸின் அசூசா வீதிக் கூட்டங்கள் தொடங்கிய 1906க்கும் பல பத்தாண்டுகள் முந்தியது இது. பெந்தெகொஸ்தே வரலாற்றை அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறவர்கள் அருளப்பனைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்த நெருப்பு 1870களில் திருவிதாங்கூரிலும் பற்றியது. அங்கே அதை முன்னின்று நடத்தியவர் பிராமணராகப் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப். பாட்டெழுதும் வரம் பெற்றவர், அறிவாளி. ஆனால் 1881இல் கிறிஸ்து வருவார் என்று அவருடைய கூட்டம் வருடம் குறித்தது. வருடம் வந்து போனது. யுயோமயம் என்ற தனிச் சபையாக ஒதுங்கிய அவர்கள் காலப்போக்கில் தேய்ந்தார்கள். கூட்டம் கண்ணீரோடு நிற்கும்போது, அடுத்தது என்ன என்று சொல்லிவிடும் ஆசை மேடையில் நிற்பவருக்கு வரும். கெட்டிக்காரருக்குச் சற்று அதிகமாகவே வரும்.

முல்லைத்தீவுப் பக்கம் அந்த ஆசைக்கு வேறு முகம். ஜெபம் முடிந்ததும் ஒரு தாய் வருவார், கையில் காணாமல் போன மகனின் படம். "பாஸ்டர், என்ர பிள்ளை இருக்கிறானோ? ஆண்டவர் உங்களுக்கு ஏதும் காட்டினவரோ?" இருக்கிறான், வருவான் என்று ஒரு சொல் சொன்னால் அந்தக் கொட்டகையே எழும்பி ஆர்ப்பரிக்கும், அடுத்த நாள் கூட்டம் இரட்டிப்பாகும். அப்படிச் சொல்கிறவர்களும் உண்டு.

தொழிலை நேர்மையாகக் கற்றவர், "இல்லை அம்மா, எனக்கு ஒண்டும் காட்டேல்லை" என்பார். பிறகு வீடு எங்கே என்று கேட்பார். புதன்கிழமை மைக்கும் கீபோட்டும் இல்லாமல் அங்கே போவார். பெரும்பாலும் அவர் பேசுவது குறைவு. அந்த அம்மாதான் பேசுவார்.