நாகதேவித் தெருவும் ஒரு தகரப் பெட்டியும்

மும்பை மாநகரில் வந்து குடியேறிய நம்மவருள் பலர் நாகதேவித் தெருவைக் கண்டிரார். மாதுங்காவின் பூக்கடைகளையும் தாராவியின் இட்டிலிக் கடைகளையும் நன்கு அறிந்த நாம், அத்தெருவை நாடிச் செல்ல வேண்டிய தேவை நேர்ந்ததில்லை. நாங்களும் அவ்வாறே இருந்தோம். சங்கத்தில் நடைபெற்ற ஒரு கூட்டமே எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆகவே அக்கூட்டத்திலிருந்தே தொடங்குதல் முறையாகும்.

புதியவர்கள் சங்கத்தில் சேரும்போது பெயர், சொந்த ஊர், பார்க்கும் வேலை ஆகிய மூன்றையும் கூறிவிட்டு அமர்வது வழக்கம். கேட்டவர் கைதட்டுவர். அதன்பின் ஒருவரையொருவர் முன்போலவே அறியாதவராய் வீடு திரும்புவோம். இம்முறை செயலாளர் ஒரு புதுமை செய்தார். வருகின்ற ஒவ்வொருவரும் தமக்கு மிக விருப்பமான கருவி ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, அதனைக் காட்டித் தம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தார். சிலர் நகைத்தனர். "நான் கணக்கு எழுதுகிறவன், எதைத் தூக்கிக்கொண்டு வருவது?" என்று ஓர் அன்பர் கேட்டார். ஆயினும் குறித்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் இருபத்து மூவர் வந்து கூடினர். வெறுங்கையுடன் வந்தவர் இருவர் மட்டுமே.

முதலில் எழுந்தவர் கும்பகோணத்து அம்மையார் ஒருவர். பழைய புடைவை ஒன்றில் சுற்றி, இரயிலில் மடிமீது வைத்துக் கொண்டுவந்த பொருளை அவர் பிரித்தபோது அருகிலிருந்த சிறுவர்கள் ஓரடி பின்வாங்கினர். அது அரிவாள்மணை. 1971-இல் திருமணமாகி இவ்வூருக்கு வந்தபோது பித்தளைப் பாத்திரங்களுடன் வந்ததாம். பாத்திரங்கள் ஒவ்வொன்றாக எவர்சில்வருக்கு மாறிப்போயின, அரிவாள்மணை மாறவில்லை. அடுத்த வீட்டு மராத்தியப் பெண்மணி இதே போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு அதனை 'விளி' என்று அழைப்பதைக் கண்டதும், தமக்கு இவ்வூர் பாதி பழகிவிட்டது என்றார் அம்மையார். மொழி தெரியாத அந்த முதல் ஆண்டில் இருவரும் எதிரெதிரே அமர்ந்து காய் நறுக்கியே நட்புக் கொண்டனராம். கொல்கத்தாவில் வாழ்ந்து வந்த மற்றோர் அன்பர், வங்காளியர் இதனைப் 'பொண்ட்டி' என்று வழங்குவதையும், பெரிய மீனையும் அதிலேயே துண்டாக்குவதையும் எடுத்துரைத்தார். கத்தியை அசைக்காமல் காயை அசைக்கும் இந்த முறை நம் நாட்டில் இத்தனை இடங்களில் இருப்பதை நாங்கள் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அடுத்து, தையற்கலை அறிந்த ஒரு பெண்மணி தம் கத்தரிக்கோலைக் காட்டினார். அது மீரட் நகரத்தில் செய்யப்பட்டது. கழிவு இரும்பை உருக்கிக் கத்தரி செய்யும் அந்நகரத்துத் தொழிலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மீரட் கத்தரியின் சிறப்பு யாதெனின், முனை மழுங்கினால் தீட்டலாம், ஆணி தளர்ந்தால் இறுக்கலாம், கைப்பிடி உடைந்தால் மாற்றலாம். "துணியைத் தவிர வேறு எதையும் இதனால் வெட்டவிடமாட்டேன். என் கணவர் ஒரு முறை காகிதம் வெட்டினார், இரண்டு நாள் நான் பேசவில்லை" என்று அவர் சொன்னபோது அவையில் நகைப்பு எழுந்தது. கணவரும் அங்கேதான் இருந்தார், அவர் நகைக்கவில்லை.

தச்சுத் தொழில் செய்யும் நாகர்கோவில் அன்பர் ஒருவர் இழைப்புளியைக் கொண்டுவந்திருந்தார். அதன் பெயரைக் கேட்ட ஒரு சிறுவன், "அது புளியா?" என்று வினவினான். இது குழந்தையின் குற்றமன்று. இழைப்புளி, கொட்டாப்புளி, திருப்புளி ஆகியவற்றின் இறுதியில் நிற்பது உளியே என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல இங்கு யார் இருக்கிறார்கள்? நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இழைப்புளி 'ரந்தா' ஆகிவிட்டது. திருப்புளி 'பேச்கஸ்' ஆகிவிட்டது. திருகு முடுக்கும் ஸ்பேனர் 'பானா' ஆகிவிட்டது. தச்சர் தாமே பட்டறையில் ரந்தா என்றுதான் கேட்பதாக ஒப்புக்கொண்டார். உடன் வேலை செய்பவர் பீகாரிலிருந்து வந்தவர். வேறு எவ்வாறு கேட்பது? ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது மட்டும் பழைய பெயர்கள் தாமாக நாவில் வந்துவிடுகின்றனவாம்.

கட்டட வேலை மேற்பார்வையிடும் அன்பர் தூக்குக்குண்டு கொண்டுவந்தார். ரசமட்டத்தின் குப்பியில் இருப்பது ரசமன்று, சாராய வகையைச் சேர்ந்த நீர்மம் என்று அவர் கூறியது பலருக்குப் புதுச் செய்தி. கணினித் துறையிலுள்ள இளைஞர் ஒருவர் கைப்பேசியைத் திறக்கும் சிறு திருப்புளித் தொகுதி ஒன்றைக் காட்டிவிட்டு விரைந்து அமர்ந்துவிட்டார்.

இறுதியில் எழுந்தவர் திருநெல்வேலிப் பெரியவர். வயது 81. அவர் கொண்டுவந்தது ஒரு கருவியன்று. இரண்டு இளைஞர்கள் பிடித்துத் தூக்கிய ஒரு தகரப் பெட்டி. 1915-இல் ஏற்பட்ட மாதுங்கா இரயில் பெட்டிப் பட்டறையில், 1962-ஆம் ஆண்டு பதினெட்டு வயதில் பயிற்சிக்குச் சேர்ந்து, ஃபிட்டராகிப் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். பட்டறைக் கருவிகள் பட்டறைக்கே உரியன. இவை அவர் தம் சம்பளத்தில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை.

பெட்டியைத் திறந்து முதலில் ஓர் அரத்தை எடுத்தார். "முதல் ஆறு மாதம் வேறு வேலை கிடையாது, அராவுவதுதான்" என்றார். ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, ஆறு முகமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாய் அமையும்படி அராவச் சொல்வார்களாம். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், இடையே ஒரு கீற்று ஒளி தெரிந்தாலும் துண்டு திரும்ப வந்துவிடும். முன்னே தள்ளும்போதுதான் அரம் வெட்டும்; பின்னே இழுக்கும்போது அழுத்தினால் பல் கெடும். பற்களின் இடையே துகள் அடையாமலிருக்கச் சுண்ணக்கட்டியை முன்பே தேய்த்துவிட வேண்டும். இவற்றைச் சொல்லும்போது அவருடைய தோள்கள் தாமே முன்னும் பின்னும் அசைந்தன.

பின்பு ஒரு மரப்பேழையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். நம் பாடநூல்கள் திருகு அளவி என்று கூறும் கருவி. பாரிசில் பால்மர் என்பவர் 1848-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது. உள்ளே உள்ள திருகு ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். சுற்றும் உருளையில் 50 கோடுகள். ஆகவே ஒரு கோடு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பயிலும் மாணவி ஒருத்தியை அருகே அழைத்து, அவளுடைய தலைமயிர் ஒன்றை அளக்கச் சொன்னார். அவள் உருளையையே பிடித்து முறுக்கினாள். "அப்படி இல்லம்மா, கடைசியில் உள்ள சிறு பிடியைத் திருப்பு, அது மூன்று முறை 'கடக்' என்றதும் நிறுத்து. உன் வலுவை அளப்பதற்கு இது வரவில்லை" என்றார். மயிர் ஏழு கோடு இருந்தது. தாமே அளந்து காட்டாததற்குக் காரணத்தையும் மறைக்கவில்லை. கை நடுங்குகிறது, சில ஆண்டுகளாக இதைத் தொட இயலவில்லை.

அதன்பின் அவர் கூறியதே எங்களை அமைதியாக்கியது. அவர் குடியிருக்கும் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். அதுவரை தங்குவதற்குக் கிடைத்திருப்பது ஒரே அறை. பெட்டியின் எடை 38 கிலோ. பழைய இரும்பு வாங்குபவர் வீட்டிற்கே வந்து, கிலோ இவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "மகன் சொல்வது தப்பில்லை. வைக்க இடம் இல்லைதான். ஆனால் அந்த மனிதர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை" என்றார் பெரியவர். இவற்றின் உண்மையான மதிப்பைக் கருவி அறிந்தவர் ஒருவர் வாயால் கேட்டுவிட்டு, அதன்பின் எதுவும் செய்யலாம் என்பது அவருடைய விருப்பம்.

இவ்வாறுதான் அடுத்த சனிக்கிழமை காலையில் நாங்கள் ஐவர் அவரோடு மாதுங்காவில் மின்வண்டி ஏறினோம். இறங்க வேண்டியது மஸ்ஜித் நிலையம். விரைவு வண்டிகள் அங்கே நில்லா. எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியில்தான் செல்ல வேண்டும். நிலையத்தின் பெயருக்குக் காரணமானது, 1796-இல் சாமுவேல் திவேகர் என்பவர் எழுப்பிய யூதர் தொழுகைக் கூடம் என்பர். மக்கள் அதனையும் மசூதி என்றே வழங்கினர். பல இனத்தாரும் நெருங்கி வாழும் நகரத்தில் பெயர்கள் இவ்வாறு கைமாறுவது இயல்பே.

நிலையத்தின் மேற்கே சிறிது தூரம் நடந்தால் நாகதேவித் தெரு. தெரு என்பதைவிடச் சந்து என்பதே தகும். இருமருங்கும் மாடிவீடுகள், கீழே ஓராள் கை விரித்தால் இரு சுவரையும் தொடும் அளவான கடைகள். முகப்பில் ஸ்பேனர்கள் வாழைச் சீப்புகளைப் போல அடுக்கி நிற்கின்றன. துளையிடும் அலகுகள் ஊசி பருமனிலிருந்து விரல் பருமன் வரை வரிசையாக உள்ளன. உருளும் குண்டுகள் பதித்த பேரிங்குகள், மரை வெட்டும் கருவிகள், சங்கிலிகள், குறடுகள். எண்ணெயும் புதிய இரும்பும் கலந்த மணம். இடையே கைவண்டிக்காரர் குரல் கொடுத்துக்கொண்டு வந்தால், சுவரோடு சுவராய் ஒட்டிக்கொள்வதன்றி வேறு வழியில்லை. நாங்கள் கைப்பையைக் காத்துக்கொள்வதிலேயே கருத்தாயிருந்தோம். பெரியவரோ ஒவ்வொரு கடை முன்பும் நின்றார். ஊன்றுகோலின் நினைவே அவருக்கு இல்லை. கடைக்குக் கடை ஏதேனும் ஒன்றைக் கையில் வாங்கி, எடை பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார். அரை மணியில் கடக்க வேண்டிய தெருவைக் கடக்க இரண்டு மணி ஆயிற்று. அதை நேர விரயம் என்று எங்களுள் ஒருவர் முணுமுணுத்ததையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

அளவுக் கருவிகள் விற்கும் கடை ஒன்றில், பொன்விளிம்புத் தொப்பி அணிந்த போரா வணிகர் ஒருவர் எங்களை அமரச் செய்தார். மைக்ரோமீட்டரைக் கண்டதும் வேறு ஒன்றும் பேசாமல், மெல்லிய தோலால் அதன் முகங்களைத் துடைத்தார். கண்ணாடி போல் மினுங்கும் பத்து மில்லிமீட்டர் எஃகுத் துண்டு ஒன்றை எடுத்து இடையில் வைத்துத் திருப்பினார். மூன்று முறை 'கடக்'. மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பார்த்தார். பத்து, ஒரு கோடும் கூடவில்லை, குறையவில்லை.

விலையைக் கேட்டோம். நானூறு ரூபாய் என்றார். எங்கள் முகம் வாடியதைக் கண்டு காரணமும் கூறினார். இப்போது மின்கலத்தில் இயங்கி எண்ணையே காட்டும் கருவிகள் வந்துவிட்டன. மேலும், அளவு சரி என்னும் ஆய்வகச் சான்று இல்லாத கருவியைத் தொழிற்சாலைகள் ஏற்பதில்லை. அச்சான்று பெறும் செலவு இதன் விலையை விழுங்கிவிடும். மற்றக் கருவிகளின் பட்டியலைக் காட்டியபோதும் அவர் விடை ஏறக்குறைய அதுவே. வணிகர் உண்மையைத்தான் கூறினார். நாங்கள் அவரைக் குறைகூற மாட்டோம்.

பெரியவர் விலையைச் செவியில் வாங்கியதாகவே தெரியவில்லை. "அளவு சரியாக இருக்கிறதல்லவா?" என்று இந்தியில் கேட்டார்.

"சரியாக இருக்கிறது."

"அவ்வளவுதான் தெரிய வேண்டும்" என்று பேழையை மூடிக்கொண்டார்.

திரும்பும் வழியில் கிராபோர்டு மார்க்கெட்டின் வாயிலில் சிறிது நின்றோம். 1869-இல் முடிந்த கட்டடம். இன்று மகாத்மா ஜோதிபா புலே பெயரைத் தாங்கி நிற்கிறது. வாயிலின் மேலே லாக்வுட் கிப்ளிங் அமைத்த புடைப்புச் சிற்பங்களில் நம் நாட்டு உழவர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அடிக்கடி அவ்வழியே சென்றும் நாங்கள் மேலே நோக்கியதில்லை. அன்று பெரியவர்தாம் கோலை உயர்த்திக் காட்டினார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் ஒரு வாதம் மூண்டது. நூலக அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டை ஒழித்துக் கொடுத்தால் பெட்டியிலுள்ளவற்றை அங்கே வைக்கலாம். நூல்களைப் போலவே உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கருவிகளை எடுத்துச் செல்லலாம் என்றார் செயலாளர். இதனைத் தச்சர் கடுமையாக எதிர்த்தார். "புத்தகத்தை இரவல் கொடுத்தால் அட்டை கிழிந்து வரும், ஒட்டிக்கொள்ளலாம். உளியை இரவல் கொடுத்தால் வாய் உடைந்து வரும். இங்கே ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறோம்; மராத்தியர் காண்டே நவமி என்கிறார்கள்; வங்காளத்தில் செப்டம்பர் 17 விசுவகர்மா பூஜை. எல்லா ஊரிலும் கும்பிடுகிற பொருளை யாரிடமாவது தூக்கிக் கொடுப்பீர்களா, அண்ணாச்சி?" என்று பெரியவரைப் பார்த்தே கேட்டார். அவர் கூற்றில் நியாயம் உண்டு என்றே நாங்கள் இன்றும் கருதுகிறோம். பெரியவர் நெடுநேரம் மறுமொழி கூறவில்லை. பின்பு, "கூர் உள்ளவற்றைக் கொடுக்க வேண்டாம். இங்கேயே உட்கார்ந்து பழகட்டும். மற்றவை போகட்டும்" என்றார். உளிகளைத் தீட்டி வைக்கும் பொறுப்பைத் தச்சரே ஏற்றுக்கொண்டார்.

குறிப்பேட்டின் முதல் வரியில் இருப்பது அந்தப் பாலிடெக்னிக் மாணவியின் கையெழுத்து. மைக்ரோமீட்டரை அவள் வாங்கியபோது பெரியவர் ஒன்றே கூறினார்: "பேழையில் வைக்கும்போது இரண்டு முகமும் ஒட்டும்படி மூடி வைக்காதேம்மா, மழைக்காலத்தில் ஈரம் தங்கித் துருவேறும். சிறிது இடைவெளி விட்டு, எண்ணெய் தொட்டு வை."

பொருள்களைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்த செயலாளர், அரம் ஒன்று குறைவதைக் கண்டு வினவினார். பெரியவர் சற்று நாணத்துடன் நகைத்தார். அது வீட்டில் இருக்கிறது என்றும், அதற்கு அதிக இடம் தேவைப்படாது என்றும் கூறினார்.